அக்கம்பக்க மார்க்

"நாற்பது வீடு. நாற்பதிலும் ஒரே பதில். யார் காதுல பூ சுத்தறே, அரீஜ்?"

டாக்டர் நஷ்அத் படிவக் கட்டை மேஜையில் தொப்பென்று போட்டார்.

ஸல்ட் என்ற மலைச்சரிவு நகரத்துத் தெருக்களில் அக்கம்பக்க ஒற்றுமை எவ்வளவு என்று அளக்கும் ஆராய்ச்சி. 'பக்கத்து வீட்டில் எவ்வளவு அடிக்கடி உதவி கேட்பீர்கள்?' என்பதுதான் கேள்வி. 'கேட்டதே இல்லை' என்றால் ஒரு மார்க், 'எப்போதும்' என்றால் ஐந்து. இந்த ஒன்று முதல் ஐந்தை யோசித்து வகுக்க டாக்டருக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதில் குறை சொன்னால் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கணக்கெடுக்கும் பெண் அரீஜ் கொண்டு வந்த படிவங்களில் எல்லாமே ஒரு மார்க்.

"காபிக் கடையில உக்காந்து நீயே டிக் அடிச்சிருக்கே. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"சத்தியமா வீடு வீடா ஏறி இறங்கினேன், டாக்டர்! முட்டி இன்னும் வலிக்குது. நீங்களே வந்து ஒரு வீட்ல கேளுங்க. நான் சொன்னது பொய்யின்னா நானே போயிடறேன்."

கிளம்பினார்கள். நூற்றுப்பத்துப் படி ஏறி உம் ஸுஹைப் என்ற அம்மாள் வீட்டில் உட்கார்ந்தபோது டாக்டருக்கு மூச்சு வாங்கியது.

கேள்வியைக் கேட்டதுமே அந்த அம்மாளுக்குச் சுருக்கென்றது. "உதவி கேக்கறதா? நானா? ஒரு நாளும் கேட்டதில்லை, நல்லா எழுதிக்கோங்க!"

அதற்குள் எதிர்வீட்டுக்காரி பெரிய காபிக் கெண்டியோடு உள்ளே வந்தாள். "புது ஆளுங்க படியேறுறதைப் பார்த்தேன். உன் கெண்டி இத்தனை பேருக்குக் காணாதே!"

பின்னாலேயே மேல்வீட்டுக்காரர் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு கினாஃபா இனிப்பு, சுடச்சுட.

"இதெல்லாம் நீங்க கேட்டா அனுப்பினாங்க?" என்றார் டாக்டர்.

"நல்லாயிருக்கே! நான் வாயைத் திறந்து கேக்கற வரைக்கும் சும்மா இருந்தா, அது அவங்களுக்குத்தானே அவமானம்?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு கினாஃபா புரையேறச் சிரித்தார். "அரீஜ், உன் வேலை போகல. ஒற்றுமைன்னா என்னன்னு நான் எழுதி வெச்ச விளக்கம்தான் போச்சு!"

"ஒரு படிவம் மிச்சம் இருக்கு, டாக்டர். நீங்க பக்கத்து வீட்ல உதவி கேப்பீங்களா?"

"கேக்காம? குழாயில தண்ணி வராதப்பல்லாம் போய் ஒரு வாளி கேக்கறேன். நேத்துகூடக் கேட்டேன். ஒருத்தனும் கதவைத் திறக்கல."

"எப்போதும்! ஐந்துக்கு ஐந்து!" என்று அரீஜ் டிக் அடித்தாள். வீடே சிரித்தது. உரக்கச் சிரித்தது டாக்டர்தான்.

காபி முடிந்து கீழே இறங்கினால், கார் பக்கத்தில் ஆறு கேன் நிறையத் தண்ணீர்.

"ஐயையோ, எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஜன்னலிலிருந்து உம் ஸுஹைப் அதட்டினாள்: "நீங்க கேட்டீங்களா என்ன? பேசாம ஏத்திக்கிட்டுப் போங்க!"