இரண்டாவது கிளாஸ்

ஒயின் கொண்டுவரச் சொன்னதே வெள்ளியங்கிரிதான். மகிழனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணப் பேச்சு என்றால் பையன் குடிப்பானா என்று காதோடு காதாக விசாரிப்பார்கள். ஊற்றிக் கொடுத்து விசாரிக்கிற பெரியவரை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

அமெரிக்காவில், சன்னிவேல் நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் மலைப்பாதையில் வந்தால் இந்தக் கடலோரச் சிற்றூர். சனிக்கிழமை மதியம், எங்கு பார்த்தாலும் விடுமுறைக் கூட்டம். மகிழனின் காரில்தான் நால்வரும் வந்திருந்தார்கள். இந்தக் கடைதான், இந்த ஜன்னலோர மேசைதான் என்று வெள்ளியங்கிரி ஒற்றைக் காலில் நின்றார்.

"எங்க வீட்டுப் பெரியவங்க ஓகே சொன்னாதான் மகிழ்" என்று சண்முகப்ரியா முன்பே சொல்லியிருந்தாள். ஒரு வருடமாக நெஞ்சில் வளர்த்த ஆசை. அது பலிக்குமா பலிக்காதா என்பது இந்த ஒரு சாப்பாட்டில் தெரிந்துவிடும்.

வெள்ளியங்கிரியின் மனைவி நாகரத்தினம், மில்பிடாஸ் இந்தியக் கடையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை பிளாஸ்டிக் பையோடு ப்ரியாவிடம் நீட்டினாள்.

"இன்னைக்காச்சும் வெச்சுக்க கண்ணு."

ப்ரியா வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அமெரிக்கா வந்தால் பூ கூட பாரமாகிவிடும் போல என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

சாப்பாடு வந்தது. உருண்டை ரொட்டியைக் குடைந்து அதற்குள் ஊற்றிய ஆர்டிசோக் காய் சூப். காலையில் படகில் வந்திறங்கிய நண்டு, ஓட்டோடு முழுசாக.

"மொளகு தட்டிப் போட்டிருந்தா அம்சமா இருந்திருக்கும்" என்றாள் நாகரத்தினம். யாரும் சிரிக்கவில்லை.

"குடிங்க தம்பி. பின்னால இருக்கற மலைல வெளஞ்ச திராட்சைங்களாமா" என்றார் வெள்ளியங்கிரி. மரியாதைக்காக மகிழன் ஒரு கிளாஸ் குடித்தான். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவர் மறுபடியும் ஊற்றினார். தன் கிளாஸை அவர் தொடவே இல்லை.

"போதும் அங்கிள்."

"அட, ரெண்டு கிளாஸ் என்னங்க பண்ணிரும்? போறப்ப நீங்கதான வண்டி ஓட்டோணும், தெம்பா இருக்க வேண்டாமா?"

மகிழன் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து ப்ரியாவின் பக்கம் தள்ளினான். "நான் ஓட்டல அங்கிள். ப்ரியா ட்ரைவ் பண்ணட்டும்."

"ஆம்பளைங்க ரெண்டு பேரு இருக்கறப்ப பொம்பளப் புள்ள ஓட்டறதா? நல்லா இருக்குதுங்க நாயம்." பெரியவர் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "மாப்ளையாகணும்னு வந்துட்டு இந்தச் சின்ன விஷயத்துல எம் பேச்சத் தட்டறீங்களே."

காரியம் கெட்டது என்று மகிழனுக்குப் புரிந்துவிட்டது. ப்ரியாவைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"இதுக்காக நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சரி அங்கிள். ஒரு கிளாஸ் உள்ள போனா நான் ஸ்டியரிங்க தொட மாட்டேன்." சாவியை மறுபடியும் ப்ரியாவிடமே தள்ளினான்.

வெள்ளியங்கிரி கையிலிருந்த நண்டுக் காலைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேட்டியில் துடைப்பது போலப் பேண்ட்டில் துடைத்தார்.

"நாலு வருசத்துக்கு முன்னால, இதே மேசைங்க தம்பி. இதே ஒயினு. 'ரெண்டு கிளாஸ் என்ன பண்ணிரும்'னு அவனும் சிரிச்சான். சாவியக் குடுன்னு இந்தப் புள்ள அழுதுச்சு, அவன் குடுக்கல. நாங்க மூணு பேரும் டாக்ஸி புடிச்சு வீடு போய்ச் சேந்தோமுங்க. அவன் வரவே இல்ல."

மகிழன் தலையைக் குனிந்துகொண்டான். கணவன் ஒரு விபத்தில் இறந்தான் என்று மட்டும்தான் ப்ரியா அவனிடம் சொல்லியிருந்தாள்.

வெள்ளியங்கிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குச் சம்மதமுங்க."

ப்ரியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாகரத்தினம் அவளுடைய கைப்பையைத் திறந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். எழுந்து போய் அவள் பின்னால் நின்றுகொண்டாள்.

"வெச்சுக்க கண்ணு. எம் பையன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."