குரங்கு எடுத்துப்போன மூடி

2014 அக்டோபரில், சிச்சுவான் மலையிலுள்ள ஒரு பாண்டா பயிற்சி நிலையத்தில், வேலிக் கதவு ஒரு சமையல்காரிக்காகத் திறக்கப்பட்டது.

சியூலான் உள்ளே போனாள். மேலே சோப்புத்தூள் மணக்கும் சட்டை.

குட்டி அவளைக் கண்டு ஓடினால் காட்டுக்குப் போகும். அவளிடம் வந்தால், அதன் தாய் வந்த நகரத்து மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆயுசு முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால்.

பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று பொறுப்பாளர் டாங் அதற்கு எண் மட்டும்தான் கொடுத்திருந்தார். சியூலான் மனசுக்குள் மிளகு என்று கூப்பிட்டாள்.

எலிக்குஞ்சுபோலச் சிவப்பாகக் கிடந்ததிலிருந்து அதைப் பார்த்து வருகிறாள். எல்லாம் சமையலறைக்கு அடுத்த அறையில் இருந்த திரையில்தான். கண் திறந்தது. முதல் தடவை மரமேறி விழுந்தது. விழுந்ததும், யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்தது.

வேலிப்பக்கம் யாராவது கதவை அறைந்து சாத்தினால்கூட, குட்டி பயந்துவிடும் என்று கரண்டியோடு சண்டைக்குப் போவாள்.

வேலிக்குள் போகிறவர்கள் பாண்டா உடை போட வேண்டும். அதில் பாண்டாவின் மூத்திரத்தைப் பூசியிருக்க வேண்டும். குட்டிக்கு மனித வாசனையே பழகக் கூடாது.

அவள் கணவன் பெங்தான் பெரும்பாலும் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். அந்த நாற்றம் பொறுக்காமல், கோடையில் ஒரு நாள் உடையை ஊறவைத்து, சோப்புத்தூள் போட்டு, ஓடைக் கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டாள். உடை அவ்வளவு வெள்ளையாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

பெங்குக்கு அன்று கடும் சளி. மூக்கு அடைத்திருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மிளகின் மூக்கு அடைத்திருக்கவில்லை. புது வாசனைக்கு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு, அவள் கொடியில் துணி காயும்போதெல்லாம் வேலியோரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அண்ணி, உலகத்துலயே பாண்டாவத் துவைச்சுக் காயப்போட்ட ஒரே ஆளு நீங்கதான்," என்று டாங் சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றோடு சோப்புத்தூளை விட்டாள். மிச்சப் பாக்கெட்டைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிப் பெங்கிடம் கொடுத்தாள். சாம்பல் போட்டுத் துவைத்தாள். குட்டி வேலியோரம் வருவது நின்றது. வாசனை இல்லாததால் வரவில்லையா, வாசனையையே மறந்துவிட்டதா, யாருக்கும் தெரியவில்லை.

அதே வாரம் வாணலி மூடி காணாமல் போனது. சமைக்கும்போது சட்டைக் கைமேல் மாட்டிக்கொள்ளும் பூப்போட்ட துணியுறைகளும் போயின.

"குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும். விடு," என்றான் பெங்.

"ஏன், அது வீட்டுல கறி வதக்கப் போகுதா?"

அவன் அருவிப்பக்க வேலியைப் பார்க்கக் கிளம்பினான். அந்தப் பக்கம் கேமரா கிடையாது. கோடை முழுக்க அங்கேதான் எதையாவது சரிசெய்துகொண்டிருந்தான். அவள் தட்டைக் கவிழ்த்து மூடிச் சமைத்தாள்.

இப்போது சோதனைக்கென்று டாங் அதே சோப்புத்தூளை வாங்கி வரச் சொல்லியிருந்தார். சட்டை நேற்றுத் துவைத்தது.

மூங்கில் விலகியது. மிளகு தலையை நீட்டியது. திரையில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் அசையக் கூடாது. பேசக் கூடாது.

காற்று அவள் முதுகிலிருந்து வீசியது. குட்டி மூக்கைத் தூக்கியது. ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அடி.

வராதடி, என்று உதட்டுக்குள் கெஞ்சினாள். வராதடி, தங்கம்.

குட்டி நின்றது. உடம்பு சிலிர்த்தது. சீறிக்கொண்டு திரும்பி, விழுந்தடித்து ஓடி, ஊசியிலை மரத்தில் விறுவிறுவென்று ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் நின்றது.

சியூலான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாங் கதவருகே குதித்தார். "தப்பிச்சோம் அண்ணி! எழுந்து வாங்க! என்ன, அழறீங்களா?"

"காலையில மிளகாய் நறுக்குன கை. கண்ணுல பட்டுருச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். பெங் மட்டும் எங்கேயோ போயிருந்தான்.

மதியம் அவள் பன்றிக்கறியை வாணலியில் போட்டபோது வந்தான். அடுப்புத் திண்டில் ஒன்றை வைத்தான்.

வாணலி மூடி. கைப்பிடி போயிருந்தது. விளிம்பு முதல் நடுவரை ஒரே நெளிசல்.

"குரங்கு திருப்பிக் குடுத்துருச்சு."

மூடிக்குள் அவளுடைய துணியுறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மணிக்கட்டுப் பக்கம் சிறு நகங்கள் பிடித்திழுத்த கிழிசல். மூக்கருகே கொண்டுபோனாள். சோப்புத்தூள் மணம்.

அவள் கரண்டியை எடுத்து மூடியை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் வேலிவரை போனது.

அடுத்த அறைத் திரையில், மரத்தில் இருந்த குட்டி இன்னும் ஒரு கிளை மேலே ஏறியது.

பெங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உக்காரு. கறி இப்ப வெந்துரும்," என்று சொல்லி மூடியை வாணலிமேல் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை.

நவம்பரில் மிளகைக் காட்டில் விட்டார்கள். பெட்டிக் கதவைத் திறந்ததும், திரும்பிப் பார்க்காமல் மூங்கிலுக்குள் போய்விட்டது.