வலது பக்கம் லெஸ்லி

இவன் ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பி மாட்டினான்.

பாட்டு போய்விட்டது. கிட்டார் வந்தது.

மறுபடி திருப்பினான். கிட்டார் போனது. பாட்டு வந்தது.

ஏழாவது முறை திருப்பும்போதே கோளாறு ஹெட்ஃபோனில் இல்லை என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் எட்டாவது முறையும் திருப்பினான். ஒன்பதாவதற்கு முன்னால் சாமி கும்பிட்டான். கோயில் பக்கம் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சாமிக்கும் அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

வலது காதில் ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

விரலை விட்டுக் குடைந்தான். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தான். தட்டை எடுத்துக் காதோரம் வைத்துக் கரண்டியால் அடித்தான். இடது காது வலித்தது.

மூன்று நாளாக இந்த ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். லெஸ்லியின் முதல் தனி ஆல்பம். இருபது வருஷம் ஒரே ராக் குழுவில் லெஸ்லி கிட்டார், இவன் டிரம்ஸ். லெஸ்லி வாசிக்க ஆரம்பித்தால் பாடகனுக்கு மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது. அப்பேர்ப்பட்டவன், தூத்துக்குடிக் கடற்கரையில் தன் மாமன்மார் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை வைத்து ஆல்பம் செய்திருந்தான்.

மூன்று நாளும் இவன் கேட்டது மாமன்மாரை மட்டும்.

ஒருவர் கூவுவார். பிறகு அமைதி. இவன் விரல் தானாக எண்ணும். எட்டு. பதினாறு. அடுத்தவர் கூவுவார்.

அந்த அமைதியில் சொக்கிப்போனான். ஒரு கிட்டார்க்காரன் சொந்த ஆல்பத்தில் கிட்டாரையே தொடாமல் இருப்பதென்றால் எவ்வளவு பெரிய மனசு வேண்டும். மூன்றாவது பாட்டில் அழுதேவிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்று காலை வாட்ஸாப்பில் அனுப்பினான்.

‘நீ கிட்டாரத் தொடாம விட்ட பாரு லெஸ்லி, அதாம்ல இந்த ஆல்பத்துலயே உச்சம்.’

இரண்டு நீல டிக். பதில் இல்லை.

பதில் இல்லாத சங்கடத்தில்தான், ஆல்பத்தோடு வந்த குறிப்பை முதல்முறையாகப் படித்தான்.

‘இடது பக்கம் என் மாமன்மார். வலது பக்கம் நான். நடுவில் யாரும் இல்லை.’

இவன் மெச்சிய அமைதியெல்லாம் லெஸ்லி வாசித்த இடங்கள்.

எப்போது போனது இந்தக் காது? கல்யாண வீடுகளில் வலது பக்கமிருந்து கூப்பிட்டவர்கள் இவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். மைக் சரியில்லை என்று ஊர் ஊராகச் சண்டை போட்டிருக்கிறான். வலது பக்கம் படுக்கிற மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று சந்தோஷப்பட்டதும் உண்டு.

சனிக்கிழமை ஆல்பம் வெளியீடு. மேடையில் டிரம்ஸ் இவன். மூன்று வருஷம் சும்மா கிடந்தவனை லெஸ்லியேதான் கூப்பிட்டான்.

சும்மா ஜோக் அடித்தேன் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால்கூடச் சிரிக்கிற அளவுக்கு இவன் பேர் வாங்கியிருந்தான். ஆனால் லெஸ்லி அதற்கப்புறம் முகத்தில் விழிக்க மாட்டான்.

நிஜத்தைச் சொன்னால் சனிக்கிழமை போகும். அதற்குப் பின்னால் வருகிற எல்லாச் சனிக்கிழமையும் போகும்.

ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொண்டு, நல்ல காதில் கிட்டாரைக் கேட்டான்.

லெஸ்லி ஒரே சுரத்தை இழுத்தான். கனமான ஒன்றைக் கரைக்குக் கொண்டுவருகிற மாதிரி இழுத்தான். கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். மறுபடி இழுத்தான். இவ்வளவு மெல்ல அவனுக்கு வாசிக்க வரும் என்று இருபது வருஷத்தில் இவனுக்குத் தெரியாது. மாமா கூவியதற்குத்தான் பதில் சொல்கிறான். ஆனால் மாமா இப்போது செத்த காதுப் பக்கம் கூவிக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடி, கூவலை ஞாபகத்திலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தான். ஒரு இடத்தில் சேர்ந்தது. ஒரே ஒரு இடத்தில். அடுத்த வரியில் நழுவிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது லெஸ்லி அறைக்குள் நின்றான்.

நாற்காலியை இழுத்து இவனுக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான். மேடையில் அவன் எப்போதும் நின்ற பக்கம் அது. ஆளுயர ஸ்பீக்கரை அவன் வைத்திருந்த பக்கமும் அதுதான்.

லெஸ்லியின் உதடு ஆடியது. கை ஆடியது. நல்ல காதில் லெஸ்லி வாசித்துக்கொண்டிருந்தான். செத்த காதில் லெஸ்லி திட்டிக்கொண்டிருந்தான்.

ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினான். கடைசித் துண்டு மட்டும், அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல வந்து சேர்ந்தது.

“நாலு வருசமா செஞ்ச ஆல்பம்ல இது. ஒனக்கு இதுலயும் நக்கல்தானா?”

நக்கல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“இந்தப் பக்கமா வந்து திட்டுல,” என்றான். “அந்தப் பக்கம் கடை சாத்தியாச்சு.”

லெஸ்லி சிரிப்பான் என்று நினைத்தான்.

லெஸ்லி ஹெட்ஃபோனைப் பார்த்தான். இவன் கழுத்தில் அது ‘R’ இடது பக்கமாக, இடம் மாறிக் கிடந்தது. பிறகு இவன் வலது காதைப் பார்த்தான். அதை வெகுநேரம் பார்த்தான்.

எழுந்தான். நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தான். முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தான்.

ஒன்றும் சொல்லவில்லை.

மேலே மின்விசிறி சுற்றியது. அதன் சத்தம் வந்ததா என்று இவனுக்குச் சட்டென்று நிச்சயமில்லாமல் போயிற்று.

“ஏதாவது பேசுல,” என்றான்.