தாய்மாமன் சீர்

வாக்கெடுப்பு மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. சட்டமன்றத்தில் எல்லா நாற்காலிகளிலும் பச்சை விளக்கு எரிய, செல்லாத்தாளின் நாற்காலியில் மட்டும் சிவப்பு எரிந்தது. மசோதா தொடும் கம்பெனியில் உறுப்பினரின் வீட்டில் யாருக்காவது பங்கு இருந்தால் நாற்காலி அவர் ஓட்டை ஏற்காது. மற்றவர்கள் நேற்றே விற்றுவிட்டு வந்திருந்தார்கள்.

சாயப்பட்டறைக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்பது மசோதா. அதற்காகவே ஊர் அவளை ஜெயிக்க வைத்திருந்தது. அவள் ஓட்டை விட்டால் இரு பக்கமும் சரிசமமாக நின்றன.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போன வாரம் மகனின் காதுகுத்தில், சாயப்பட்டறைக் கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்கும் அண்ணன் வேலப்பன் சீராக வைத்தது அந்தக் கம்பெனியின் பத்துப் பங்குகள். விற்க போனில் ஒரு விரல் தொட்டால் போதும். ஆனால் தாய்மாமன் சீரைக் கேட்காமல் விற்றால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? முருகனை நினைத்துக்கொண்டு அவனை அழைத்தாள்.

"அண்ணா, நீங்க வெச்ச சீர வித்துப்போடட்டுங்களா? அது இருந்தா என்ற ஓட்டு செல்லாதுங்."

கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு எதுக்கு அம்மிணி அழுகறே? ஓட்டுக் கேக்க வந்தப்பக்கூட நீ இப்படிக் கெஞ்சலையே! வித்துப்போடு."

விளக்கு பச்சையானது. மசோதா ஒரே ஓட்டில் வென்றது. மேசைகள் அதிர்ந்தன.

"ஜெயிச்சாச்சுங்ண்ணா!"

"அப்ப என்ற சீர் பாக்கி நிக்குதே," என்று சிரித்தான் வேலப்பன். "ஆறு தெளியட்டும். மாப்பிள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் போயி, அதுல முங்க வெக்கறேன்."