முசரவாக்கத்து நாத்தனார்

புடவைக்குக் கொசுவம் வைக்கத் தெரியாத பெண்ணே தமிழ்நாட்டில் இல்லை என்று ஒரு கருத்து நிலவுகிறது. வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆறு கஜப் பட்டில் ஏழு கொசுவத்தை ஒரே அளவில் வைக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. மற்றவர்கள் முகூர்த்த நேரத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பவர்கள்.

இந்த உண்மையை இருபத்தோரு வயதிலேயே கண்டுகொண்டவள் சங்கீதா. பி.காம். முடித்த கையோடு, பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டு வாசலில் பலகை மாட்டினாள்: 'பட்டுப்புடவைகளுக்குக் கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டுத் தரப்படும். அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.'

எதிர்வீட்டுக் கங்கையம்மாள் பலகையை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தறிச் சத்தத்தையும் மீறிச் சொன்னார்:

"மடிக்கிறதெல்லாம் ஒரு தொழிலாம்மா? நாளைக்கு வெத்தல மடிச்சுக் குடுக்கவும் போர்டு மாட்டுவியா?"

தெரு சிரித்தது. சங்கீதாவுடையது அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத குடும்பம்.

"மூணு மாசம் பாரு. ஆவலைன்னா வேலைக்கு ஆள் ஏத்திக்கினு போற கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வருது" என்றார் அப்பா தினகரன்.

பழகிப் பார்க்கப் பட்டு வேண்டும். வீட்டில் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு பட்டுப்புடவை. (நெசவாளர் வீட்டில் பட்டு குவிந்து கிடக்கும் என்பதும் தவறான கருத்தே.)

வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் ஒரு துணிப்பையுடன் வந்தார்.

"முசரவாக்கத்துல என் நாத்தனார் இருக்காங்க. அவங்க புடவைமா. பீரோவுல சும்மா கிடக்குது. மடிச்சுப் பழகு."

"ஐயோ, கெட்டுப்போச்சுன்னா ஆன்ட்டி?"

"அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தைரியமாப் பண்ணு."

வாரம் ஒரு புடவை வந்தது. மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை. நாத்தனார் நல்ல வசதி என்று சங்கீதா முடிவு செய்தாள்.

கங்கையம்மாளும் விடவில்லை. "இன்னைக்கு எத்தனை மடிப்பு மடிச்ச, மடிப்புக்காரி?" என்று தினமும் விசாரித்தார்.

ஏழாவது வாரம் வந்தது கத்திரிப்பூ நிறம். மற்றதையெல்லாம்விடக் கனம். சங்கீதா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஏனாத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, இன்ஸ்டால பார்த்தேன். என் முகூர்த்தப் புடவையை உங்களை நம்பிக் குடுக்கலாமா?"

"தாராளமா" என்று சங்கீதா சொல்லி முடிப்பதற்குள் தீய்ந்த வாசனை வந்தது.

கட்டினால் இடது இடுப்பில் வந்து விழும் இடம். அயர்ன் பாக்ஸின் மூக்கு அளவுக்கு ஒரு பழுப்பு முக்கோணம்.

புடவையை எடுத்துக்கொண்டு ரேணுகாம்பாள் வீட்டுக்கு ஓடினாள்.

"நான் முசரவாக்கம் போய் அவங்க கால்ல விழறேன் ஆன்ட்டி. அந்தப் பொண்ணுக்கும் முடியாதுன்னு சொல்லிடறேன். திங்கக்கிழமை கம்பெனி பஸ் ஏறிடறேன்."

ரேணுகாம்பாள் அந்த முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"நீ எங்கியும் போவாத. நான் கேட்டுக்கினு வரேன்."

மறுநாள் காலையில் வந்தார். கையில் இன்னொரு பட்டுப்புடவை.

"நாத்தனார் இன்னா சொன்னாங்க ஆன்ட்டி?"

"புடவைய வாங்கி பீரோவுல வெச்சாங்க. அப்புறம், வேற யாருதாவது ஒண்ணு வாங்கிக்கினு போய்க் குடுன்னாங்க. மேல வேட்டித்துணி போட்டு இஸ்திரி போடணுமாம். அதுகூடத் தெரியாதான்னு திட்டினாங்க."

சங்கீதா வேட்டித்துணி போட்டாள். திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஏனாத்தூர்ப் பெண்ணின் புடவை கொசுவம் கலையாமல் மேடை ஏறியது. அந்த மண்டபத்திலிருந்தே மூன்று பேர் சங்கீதாவின் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

தை மாதம் தெருவில் ஒரு கல்யாணம். சங்கீதா குடும்பம் குடிவந்த பிறகு நடக்கும் முதல் கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கொசுவம் வைத்தது சங்கீதாதான்.

"இவங்கதான் எங்க நாத்தனார், துளசி" என்று யாரிடமோ ரேணுகாம்பாள் சொல்வது காதில் விழுந்தது. சங்கீதா நேரே போய்க் காலைத் தொட்டாள்.

"அந்தக் கத்திரிப்பூ கலர் புடவை... மன்னிச்சிடுங்கம்மா."

"எந்தப் புடவை? எங்கிட்ட இருக்கற பட்டு இது ஒண்ணுதான், கட்டிக்கினு வந்திருக்கேன்" என்றார் துளசி. "அது கிடக்கட்டும், உன் தோள்ல ஊக்கு கழண்டிருக்குது பாரு."

சங்கீதா ரேணுகாம்பாளைப் பார்த்தாள்.

"எதிர்வீட்டுப் புடவை, பின்வீட்டுப் புடவைன்னு சொன்னா நீ தொட்டிருக்கவே மாட்ட. அதான் முசரவாக்கத்துக்குத் தள்ளி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் பந்திக்கு நகர்ந்தார்.

சங்கீதா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். மயில்கழுத்து சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தது. அரக்கு குழந்தையை அதட்டியது. கிளிப்பச்சை மூன்றாவது வரிசையில் கொட்டாவி விட்டது. கத்திரிப்பூவைக் கட்டிக்கொண்டு, இடது கையை இடுப்பில் ஊன்றியபடி மேடை ஓரமாக நின்றவர் கங்கையம்மாள்.

"இன்னா பார்த்துக்கினு நிக்கிற, மடிப்புக்காரி? பொண்ணுக்கு முந்தானை சரியுது, போய்ப் பாரு!"

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "அம்மா, கையைக் கீழ விடுங்க. சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்குது."

"நான் இப்படித்தாம்பா நிப்பேன். எடு."

அந்தக் கல்யாண ஆல்பத்தில் பதினோரு படங்களில் கங்கையம்மாள் இருக்கிறார். பந்தியில் சாப்பிடும் படம் உட்பட, பதினொன்றிலும் இடது கை இடுப்பில்தான் இருக்கிறது.