எந்த ஊர்?

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பதுதான் தவமலருக்கு வேலை. டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் சொல்லலாம். சொந்தமாக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. அன்று மறுமுனையில் இருந்தவர் சபாநாதன் என்ற வயதான அகதி. புற்று ஈரல்வரை பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குரல் நடுங்காமல் அதைத் தமிழில் சொல்லி முடித்தாள்.

கேட்டு முடித்த சபாநாதன், "பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?" என்றார்.

விதிப்படி அதையும் டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். டாக்டர் வியப்போடு தன் ஊர்ப்பெயரைச் சொன்னார். அதையும் தமிழில் சொன்னாள்.

"அவரையில்லை, பிள்ளை. உங்களைத்தான் கேட்டனான்."

தவமலரால் அதற்குமேல் முடியவில்லை. "வட்டக்கச்சி, ஐயா."

"எங்கட குளத்துக்குக் கிட்டவோ?" என்று கேட்டவர் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

டாக்டர் பதறிப்போனார். எங்காவது வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

"வலிக்குதோ எண்டு டாக்டர் கேக்கிறார், ஐயா."

"ஓம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

அவள் சொன்னாள். டாக்டர் வலி மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.