அழகம்மாவின் மெஷின்

"சண்டை போட வரல நானா. மெஷின் சரியாகுற வரைக்கும் இங்கேருந்து போக மாட்டோம்னு சொல்லத்தான் வந்தோம்."

அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு பிரேமினி இப்படிச் சொன்னதும், ஹட்டன் பஜாரில் தையல் மெஷின் திருத்தும் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நிமிர்ந்து பார்த்தார். அவள் பக்கத்தில், மெஷினை மேசைமேல் இறக்கிவைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள் அழகம்மா.

போன வாரம் அவர் திருத்திக் கொடுத்த மெஷின்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் நூல் அறுந்தது. மறுபடி கோத்தாலும் அறுந்தது. மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தவளிடம், பஸ்ஸில் எங்கேயோ இடிபட்டிருக்கும், கடையின் தப்பில்லை என்று சொல்லி ரிஸ்வி திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்த்துப் பேசத் தெரியாமல் அவளும் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள்.

குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிறகு அழகம்மா கொழுந்து பறிக்கப் போவதில்லை. அந்த மெஷின்தான் சோறு போட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைக்கிற காலம் வேறு.

விஷயம் காதில் விழுந்ததும் பிரேமினி அவள் வீட்டுக்கே போய், கையோடு கிளப்பிக் கூட்டிவந்துவிட்டாள்.

ரிஸ்வி பழைய பதிலையே சொன்னார். "வேணாம் புள்ள, போயிடலாம்" என்று அழகம்மா கையைப் பிடித்து இழுத்தாள். பிரேமினி அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. கடையில் வேறு ஆட்கள் இருந்ததால் மேசைக்குக் கிட்டப் போய் மெதுவாகக் கேட்டாள்.

"குடுக்கிறதுக்கு முந்தி துணி வச்சுத் தச்சுப் பாத்தீங்களா நானா? பாத்தேன்னு சொல்லுங்க, நாங்க தூக்கிட்டுப் போயிடுறோம்."

ரிஸ்வி வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல," என்றார் கடைசியில். "அன்னைக்கு வேலை கூட. சக்கரத்தைச் சுத்திப் பாத்துட்டுக் குடுத்துட்டேன்."

கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அப்போதே மெஷினைப் பிரித்தார். கீழ்நூலைக் கோக்கிற, அவர் மாற்றிப்போட்ட ஷட்டில்தான் சரியாகப் பொருந்தாமல் இருந்தது. வேறொன்றைப் போட்டு, அழகம்மாவையே உட்காரவைத்துத் தைத்துப் பார்க்கச் சொன்னார். நூல் அறவில்லை. துணியில் விழுந்த தையலை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ரிஸ்வி மெஷினைக் கட்டிக் கொடுத்தார். பிறகு பிரேமினியைப் பார்த்து, "கூடப் பொறந்தவங்களுக்காகக்கூட இப்படி யாரும் நிக்க மாட்டாங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

பிரேமினி சிரித்தாள். அழகம்மாதான் சொன்னாள்.

"எங்க தோட்டத்துல துணி தைக்கிறது ரெண்டே பேருதாங்க. என் மெஷின் நின்னதும், எங்கிட்ட வர வேண்டிய துணியெல்லாம் போய்ச் சேந்தது இந்தப் புள்ள வீட்டுக்குத்தான்."